பியூலா சொல்லாத ஆமென்

ஜனக்புரியில், இரண்டாம் மாடி வீடொன்றில், நாள்தோறும் மாலை ஏழரை மணிக்கு ஒரு மனிதர் கண்களை மூடுவார். மூடியதும் வாயைத் திறப்பார். பதினேழு ஆண்டுகளாக அந்த வீட்டில் நடந்துவந்த அநீதி அவ்வளவுதான். அடி இல்லை, உதை இல்லை, உரத்த சொல் ஒன்றுகூட இல்லை. அநீதி என்றால் அரிவாள் தூக்கிக்கொண்டுதான் வரும் என்று நம்புகிறவர்கள் சற்றுப் பொறுத்துக் கேட்க வேண்டும். இங்கே அது பாய் விரித்து, முழங்காலிட்டு, கைகூப்பிக்கொண்டு வந்தது.

அந்த மனிதரின் பெயர் குணசீலன். பெயருக்குக் குறையில்லாதவர். மத்திய அரசு நிறுவனமொன்றின் பண்டகப் பிரிவில் அதிகாரி. குடியில்லை, சீட்டில்லை, மனைவிமேல் கைநீட்டியதில்லை. ஞாயிறு பிற்பகல் தமிழ் ஆராதனைக்கு, டில்லி புகையில் மூழ்கினாலும் பனியில் உறைந்தாலும், கால்மணி நேரம் முன்னதாக வந்து பாட்டுப் புத்தகங்களை அடுக்கிவைப்பார். "தங்கமான மனுஷன்" என்பது சபையார் தந்த சான்றிதழ்.

திருநெல்வேலிச் சீமையில், தந்தை எறிந்த சோற்றுத்தட்டு சுவரில் மோதும் ஓசையைக் கேட்டு வளர்ந்த பிள்ளை அவர். என் வீட்டில் சண்டை என்பதே இருக்கக் கூடாது என்று திருமண நாளிலேயே உறுதி பூண்டார். உறுதியைக் காத்தும் விட்டார். ஆனால் மனத்தாங்கல் இல்லாத மனிதன் உண்டா? வாசலை அடைத்த வெள்ளம் சன்னலைத் தேடும். அவருடைய மனத்தாங்கல் குடும்ப ஜெபத்தைத் தேடிக்கொண்டது.

"அன்பின் பரம பிதாவே, இன்றைய ஆகாரத்துக்காக ஸ்தோத்திரம். சாம்பாரில் உப்பு சற்று மிகுந்திருந்தாலும், அதையும் முறுமுறுப்பில்லாமல் புசிக்கக் கிருபை தந்தீரே, அதற்காக ஸ்தோத்திரம். போனே கதியென்று கிடக்கிற எங்கள் பிள்ளையின் கண்களைத் தெளிவியும். கணக்கில் ஐம்பத்திரண்டு மதிப்பெண் வாங்கியும் கலங்காத அந்த நெஞ்சை உடைத்தருளும். ஊரிலிருக்கிற என் தாயாரிடம் வாரம் ஒருமுறையாவது பேச வேண்டுமென்ற சிந்தை யாருக்கு இல்லையோ, அவருக்கு அதைத் தாரும். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நீர் அறிவீர்."

ஆண்டவர் மட்டுமா அறிவார்? ஐந்தடி தள்ளி முழங்காலிட்டிருந்த மனைவி பியூலாவும் அறிவார். பதினைந்து வயது மகள் கெசியாவும் அறிவாள்.

மேடையில் பேசுகிறவனைப் பார்த்துக் கூட்டத்தில் ஒருவன் எழுந்து கேள்வி கேட்கலாம். நீதிமன்றத்தில் குற்றவாளிக்கும் வழக்கறிஞர் உண்டு. ஜெபிக்கிறவரை யார் குறுக்கிடுவது? ஆண்டவரின் பெயரைக் கேடயமாய்ப் பிடித்துக்கொண்டு, அதன் பின்னாலிருந்து கட்டிய மனைவிமேல் கல்லெறிவது எந்த வீரத்தில் சேர்ந்தது? எந்த விசுவாசத்தில் சேர்ந்தது? குணசீலன் அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை. தாம் எறிவது கல் என்றே அவருக்குத் தெரியாது. "இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே" என்று அவர் முடித்ததும், தாயும் மகளும் "ஆமென்" என்பார்கள். தம்மேல் விழுந்த ஒவ்வொரு கல்லுக்கும், பதினேழு ஆண்டுகள், பியூலா தாமே ஆமென் சொன்னார்.

நவம்பரில் அது நின்றது.

பியூலா செவிலியர் படிப்புப் படித்தவர். கெசியா கைக்குழந்தையாய் இருந்தபோது வேலையை விட்டவர். இப்போது மகள் பத்தாம் வகுப்பு. திலக் நகரில் டயாலிசிஸ் மையமொன்றில் ஆள் தேவை என்று தெரிந்ததும், பழைய செவிலியர் பதிவைப் புதுப்பித்து, நேர்காணலுக்குப் போய், தேறியும் விட்டார். காலை ஏழு முதல் பிற்பகல் மூன்று வரை. டிசம்பர் முதல் சனிக்கிழமையை அடுத்த திங்களன்று சேர வேண்டும். வீடு வந்ததும் கணவரிடம் தனியே சொன்னார்.

"ஏங்க, வேல கெடச்சிட்டு. நீங்க என்ன நெனைக்கீங்க?"

குணசீலன் தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஜெபிப்போம்" என்றார்.

ஜெபிக்கவும் செய்தார். எங்கே? தமிழ்ச் சபைக் குடும்பங்கள் மாதத்தின் முதல் சனிக்கிழமை முறைவைத்து நடத்தும் வீட்டு ஜெபக்கூட்டம் அந்த மாதம் அவர்கள் வீட்டில். செருப்புகள் மாடிப்படியின் பாதிவரை இறங்கியிருந்தன. கூடத்தில் வந்தவர்கள் மட்டும் இருபத்தாறு பேர். முடிவு ஜெபம் வீட்டுக்காரருடையது.

"ஆண்டவரே, பொருளாசையால் இழுப்புண்டு, தன் வீட்டை விட்டு வெளியே ஓடத் துடிக்கிற ஒரு சகோதரியை உமது சமுகத்தில் வைக்கிறேன். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நீர் அறிவீர். பள்ளிவிட்டு வரும் பிள்ளை தானே கதவைத் திறந்து, காலியான வீட்டுக்குள் நுழையும் அவலத்தை அந்தத் தாயின் கண்களுக்குக் காட்டும்."

இருபத்தாறு ஆமென்கள் எழுந்தன. எல்லாவற்றுக்கும் மேலே, உத்தம் நகர் செல்வி அக்காவின் ஆமென் கூரையைத் தொட்டது. அவர் எப்போதும் அப்படித்தான். எவர் ஜெபித்தாலும், எதற்கு ஜெபித்தாலும், முதல் ஆமென் அவருடையது, கடைசி ஆமெனும் அவருடையது.

பியூலா வாய் திறக்கவில்லை.

சமோசாத் தட்டோடு அவர் வந்தபோது செல்வி அக்கா காதோடு கேட்டார்: "யாருட்டி அந்தச் சகோதரி? எனக்குத் தெரிஞ்ச புள்ளையா?"

"நாந்தாங்க்கா. இன்னொரு சமோசா வைக்கட்டா?"

செல்வி அக்காவின் கை வாய்க்கு முன்னால் அப்படியே நின்றது.

மறுநாள் மாலை குடும்ப ஜெபம். குணசீலன் முடித்தார். கெசியா மட்டும் ஆமென் சொன்னாள். பியூலா எழுந்து சப்பாத்தி தேய்க்கப் போனார். அதற்கு மறுநாளும் அப்படியே. வராமல் இருக்கவில்லை, ஏழரைக்கு ஒழுங்காக வந்தார், முழங்காலிட்டார், கண்களை மூடினார். ஆமென் மட்டும் இல்லை. குணசீலன் ஜெபத்தை நீட்டிப் பார்த்தார். முடிவில் சற்று நிறுத்திக் காத்துப் பார்த்தார். ஒருநாள், "திறவாதிருக்கிற உதடுகளைத் திறந்தருளும் ஆண்டவரே" என்றே வேண்டினார். அடுக்களையில் குக்கர் மூன்று முறை பதில் சொன்னது; பியூலா சொல்லவில்லை.

ஒரு வாரத்தில் கெசியாவின் ஆமெனும் நின்றது. குணசீலன் தம் ஜெபத்துக்குத் தாமே ஆமென் சொன்னார். ஆளில்லாத மண்டபத்தில் பேசி முடித்தவன் தனக்குத்தானே கைதட்டிக்கொண்டதுபோல் இருந்தது.

நேரே கேட்டிருக்கலாமே என்பீர்கள். அந்த மனிதருக்கு நேரே கேட்கத் தெரியாது. ஜெபிக்கத்தான் தெரியும்.

நவம்பர் மூன்றாம் வாரம் டில்லியின் காற்று நகரத்தின் கழுத்தைப் பிடித்தது. சூரியன் மங்கிய தகடானது. பேருந்திலும் மெட்ரோவிலும் இருமல்தான் பொதுமொழி. திங்களன்று குணசீலனின் தொண்டை கட்டியது. புதனன்று சொல்லுக்குப் பதில் காற்று வந்தது. காது மூக்குத் தொண்டை மருத்துவர் விளக்கடித்துப் பார்த்தார்.

"பத்து நாள் பேசக் கூடாது. பில்குல் நஹீ, துளிகூட. கிசுகிசுக்கவும் கூடாது. பேசினால் குரல் நிரந்தரமாய்ப் போய்விடும், அச்சா?"

அன்று மாலை ஏழரை. மூவரும் முழங்காலிட்டார்கள். எவரும் தொடங்கவில்லை. குணசீலன் மனைவியைப் பார்த்துக் கைகாட்டினார். பியூலா கண்களை மூடிக்கொண்டார்.

"நான் பண்ணட்டா?" என்றாள் கெசியா.

தந்தை தலையசைத்தார். அவர் மனம் குளிர்ந்தது. தமிழில் ஒரு பக்கம் வாசிக்கத் திணறுகிற மகள், தானாக முன்வந்து ஜெபிக்கிறாள்!

"டியர் ஜீசஸ், தேங்க்யூ. அப்பாவோட வாய்ஸ் போயிருச்சு. அத ஜல்தி சரி பண்ணுங்க. அப்புறம்... மத்லப்... அதாவது, இந்த ரூம்ல ஒருத்தர் இருக்காங்க. பேரச் சொல்ல விரும்பல. உங்களுக்கே தெரியும்."

குணசீலனின் முதுகு நிமிர்ந்தது.

"அவங்க ஆபீஸ்ல, சர்ச்ல, எல்லார்கிட்டயும் சிரிச்சிப் பேசுவாங்க. வீட்டுல எதுவும் சொல்ல மாட்டாங்க, உங்ககிட்டதான் கம்ப்ளெய்ண்ட் பண்ணுவாங்க. கணக்குல ஐம்பத்திரண்டு வாங்கிட்டு நான் பாத்ரூம்ல ரெண்டு மணி நேரம் அழுதேன். அவங்களுக்குத் தெரியாது, ஏன்னா அவங்க என்கிட்ட கேக்கவே இல்ல. அம்மா வேலைக்குப் போறேன்னு சொன்னதும் எல்லார் முன்னாடியும் அம்மாவ இன்சல்ட் பண்ணாங்க. அந்த ஒருத்தரோட கல்லான இதயத்த ஒடச்சிருங்க ஆண்டவரே. அவங்களுக்குக் கொஞ்சம் வெக்கத்தக் குடுங்க..."

பதில் சொல்லக் குரல் இல்லை; குரல் இருந்தாலும் சொல்ல இடமில்லை. தம் சொற்களே திரும்பி வருவதைக் குணசீலன் கேட்டார். பெயரைச் சொல்ல விரும்பவில்லை. நீர் அறிவீர். உடைத்தருளும். ஊரிலிருந்து புத்தகம் வரவழைத்தும் படியாத தமிழ், இந்த ஒரு பாடத்தில் மகளுக்குப் பிழையறப் படிந்திருந்தது. பிள்ளைகள் நாம் போதிப்பதைப் படிப்பதில்லை. நாம் முழங்காலில் நின்று செய்வதைப் படிக்கிறார்கள். அவள் ஜெபிக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தாள். எறியக் கற்றுக்கொடுத்த கை அவருடையது.

"நிறுத்து கெசியா" என்றார் பியூலா. "கண்ணத் திற."

"அம்மா! பாதி ப்ரேயர்ல..."

"இது ஜெபமே இல்ல. அப்பா முன்னாலதான இருக்காங்க? சொல்லணும்னா மொகத்தப் பாத்துச் சொல்லு."

"வாஹ்! அப்பா மட்டும் பண்ணலாமா?"

"அப்பா பண்ணுனதுக்கும் ஆமென் சொல்லல, நீ பண்ணுனதுக்கும் சொல்ல மாட்டேன். எம்பக்கம் பேசுனாலும் சொல்ல மாட்டேன்."

சொல்லிவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினார். இருவர் கண்களும் திறந்திருந்தன. குடும்ப ஜெப நேரத்தில் அந்த வீட்டில் அது முதல் முறை.

"ஆமென்னா என்னங்க அர்த்தம்? அப்படியே ஆகட்டும்னுதான? நீங்க என்னைய வையறதுக்கு, அப்படியே ஆகட்டும்னு நானே கையெழுத்துப் போடணுமா? பதினேழு வருசம் போட்டேன். அன்னைக்கு எம்வீட்டுல, என் சமோசாவத் தின்னுட்டு, இருபத்தாறு பேர் போட்டாங்க. நான் உங்ககிட்ட அனுமதி கேக்கல. என்ன நெனைக்கீங்கன்னு கேட்டேன். நீங்க எனக்குப் பதில் சொல்லாம என்னப் பத்தி மேலெடத்துக்கு மனு குடுத்திட்டீங்க. அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் கெடக்கு."

குணசீலனின் வாய் திறந்தது; காற்றுதான் வந்தது. எழுந்தார். சுவரில் தொங்கிய சபை நாட்காட்டியில் முடிந்துபோன அக்டோபர் தாளைக் கிழித்தார். பின்பக்கத்தில் எழுதி மனைவியிடம் நீட்டினார்.

பயமாக இருக்கிறது.

பியூலா இருமுறை படித்தார். "எதுக்கு?"

அவர் மறுபடி எழுதினார். நீ இல்லாத வீட்டில் எனக்கு ஒன்றும் தெரியாது. சமைக்கத் தெரியாது. இவளிடம் என்ன பேசுவதென்று தெரியாது. ஊரில் அப்பா இருந்த வீட்டில் யாராவது வெளியே போனால், திரும்பி வருவார்களா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன்.

"என்ன எழுதியிருக்காரு? எனக்குப் படிக்க வரல" என்று கெசியா தாளின்மேல் கவிழ்ந்தாள். பியூலா வாசித்துக் காட்டினார்.

கெசியா தந்தையை ஏற இறங்கப் பார்த்தாள்.

"என்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியலையா? அப்பா, கணக்கப் பத்திப் பேசாம இருந்தாலே போதும். மீதிய நான் பேசிக்கிறேன்!"

ஓசையில்லாமல் குணசீலனின் தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தாயும் மகளும் குனிந்து பார்த்தார்கள். இரண்டும்தான்.

அடுத்த ஒன்பது நாட்களில் பழைய நாட்காட்டித் தாள்கள் எல்லாம் தீர்ந்தன. வாயடைத்த மனிதர் அப்போதுதான் பேசக் கற்றார். சாம்பாரில் உப்பு அதிகம் என்று ஒரு தாளில் எழுதினார். "அப்ப நாளைக்கு நீங்களே போடுங்க" என்று பதில் வந்தது. மறுநாள் உப்புப் பொறுப்பு அவருடையது. மறந்தே போனார், உப்பில்லாச் சாம்பாரை மூவரும் தின்றார்கள். அம்மாவிடம் நீ ஏன் பேசுவதில்லை என்று எழுதினார். "ஆம்பளப் புள்ள எங்கன்னு ஒவ்வொரு வாரமும் கேட்டா எப்படிப் பேச?" என்றார் பியூலா. இத்தனை ஆண்டுகளாக அவருக்குத் தெரியாத செய்தி அது. அன்று ஒரு மணி நேரம் சண்டை. ஒருவர் பேனாவாலும் மற்றவர் வாயாலும் போட்ட சண்டை. தட்டு எதுவும் பறக்கவில்லை. சண்டை முடிந்து, கூரை தலைமேல் விழாமல் நிற்பதைக் குணசீலன் வியப்போடு நிமிர்ந்து பார்த்தார். குரல் வந்ததும் முதல் போன் தம் தாயாருக்கு என்றும், பேத்தி ஒருத்தி போதும் என்று தாமே சொல்வதாகவும் எழுதிக்கொடுத்தார்.

மாலை ஏழரைக்கு மூவரும் மௌனமாய் முழங்காலிட்டார்கள். மௌன ஜெபத்துக்கு ஆமென் தேவையில்லை. ஆதலால் பியூலாவின் ஆமென் இன்னும் கடனாகவே இருந்தது. அதைக் குணசீலன் அறிவார். வீட்டுக்குள் மனம் ஆறினாலும், இருபத்தாறு பேர் முன்னிலையில் விழுந்த கல் அங்கேயே கிடந்தது. வெளியில் எறிந்ததை வீட்டுக்குள் பொறுக்க முடியாது.

டிசம்பர் முதல் சனிக்கிழமை. உத்தம் நகரில், செல்வி அக்கா வீட்டில் ஜெபக்கூட்டம். குணசீலனின் குரல் திரும்பியிருந்தது, உப்புத்தாள் தேய்ப்பதுபோல். முடிவு ஜெபத்துக்கு முன் அவர் எழுந்து நின்றார்.

"பியூலா, போன மாசம் நம்ம வீட்டுல..."

"ஸ்தோத்திரம் ஆண்டவரே!" என்று செல்வி அக்கா பழக்கத்தில் கண்களை மூடிக் குனிந்தார்.

"அக்கா, கண்ணத் திறங்க. இது ஜெபமில்ல. ஜெபம் பொறவு."

செல்வி அக்கா ஒற்றைக் கண்ணைத் திறந்தார். பிறகு மற்றதையும்.

"பியூலா, போன மாசம் நான் ஜெபத்துல வச்சு உன்ன வைஞ்சேன். பேரச் சொல்லல, ஆனா எல்லாருக்கும் தெரிஞ்சுது. பொருளாசன்னு சொன்னேன். அது பொய். நீ படிச்ச படிப்பு, நீ செய்ய ஆசப்பட்ட வேல. நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பயத்தத் தவிர பதில் இல்ல. அதச் சொல்ல வெக்கப்பட்டு ஆண்டவர் பின்னால போய் ஒளிஞ்சேன். இத்தன பேர் முன்னால செஞ்சேன், இத்தன பேர் முன்னாலயே கேக்கேன். மன்னிச்சிரு."

கூடத்தில் மின்விசிறி ஓடவில்லை, குளிர்காலம். ஒருவர் மூச்சு ஒருவருக்குக் கேட்டது. சபையாரே, மனைவியிடம் மன்னிப்புக் கேட்கும் ஆணைப் பார்த்து நம் கூடங்கள் ஏன் இப்படி மூச்சடைத்து நிற்கின்றன? மன்னிப்பைக் கிழமைக்கு ஏழுமுறை மேலே நோக்கிக் கேட்கிற நாம், பக்கத்தில் திரும்பி ஒருமுறை கேட்டால் வானம் இடிந்தா விழும்?

பியூலா எழுந்து நின்றார்.

"மன்னிச்சாச்சு. வீட்டுலயே மன்னிச்சிட்டேன். ஆனா இருபத்தாறு பேர் ஆமென் சொல்லியிருக்காங்களே, அத யாரு திருப்பி எடுக்க?"

எவரும் எதிர்பாராத கேள்வி. செல்வி அக்கா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"என்னோடத நான் எடுத்துக்கிடுதேன் தாயி. நாந்தான எல்லாரையும்விட சத்தமாப் போட்டேன். யாருக்கு, எதுக்குன்னு தெரியாமலே போட்டேன். இனிமே கேட்டுட்டுப் போடுதேன்."

முதலில் சிரித்தது கெசியா. அதன்பின் கூடமே சிரித்தது. சிரிப்பினூடே, "என்னோடதும்", "எங்களோடதும்" என்று இங்கொன்றும் அங்கொன்றுமாய்க் குரல்கள் எழுந்தன. எல்லாரும் சொல்லவில்லை. மூலையில் இரண்டு மூன்று பெரிய மனிதர்கள் வாயை இறுக்கிக்கொண்டுதான் இருந்தார்கள். அவர்களுக்கும் ஒருநாள் தொண்டை கட்டும்.

"சரி, இப்ப ஜெபம்" என்றார் குணசீலன். கண்களை மூடவில்லை. மனைவியையும் மகளையும் பார்த்தபடியே ஜெபித்தார்.

"ஆண்டவரே, திங்கக்கெழம பியூலா வேலைக்குப் போறா. நீர் தந்த கை அது, அதால நோயாளிங்க சுகப்படட்டும். காலைல இட்லி ஊத்துறது நான். அதனால பொறுமையத் தாரும். எனக்கில்ல, சாப்பிடுறவங்களுக்கு. இயேசுவின் நாமத்தில் ஜெபம் கேளும் நல்ல பிதாவே."

"ஆமென்."

செல்வி அக்காவை முந்திக்கொண்டு வந்த ஆமென் அது. உரத்ததல்ல, ஒரு மாதம் உள்ளேயே கிடந்ததால் சற்றுக் கரகரத்தது. குணசீலன் அப்போதுதான் கண்களை மூடினார்.

திங்கள் காலை ஐந்தரை மணிக்கு ஜனக்புரி வீட்டில் இட்லிப் பானையின் மூடி திறந்தது. ஆறேகாலுக்கு, வெள்ளைச் சீருடையின்மேல் கம்பளிச் சட்டை மாட்டிய பியூலா ஓர் இட்லியைக் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தார். அழுந்தவில்லை. கணவரின் முகத்தை நேரே பார்த்தார்.

"கல்லு மாதிரி இருக்குங்க."

"மாவு புளிக்கல. குளிருல்லா" என்றார் குணசீலன். "ராத்திரி போர்வைய சுத்தி வைக்கணுமோ?"

"வைக்கணும்."

"அச்சா. நாளைக்கு வைக்கேன்."

பியூலா இரண்டைத் தின்றார், நான்கைப் பொதிந்துகொண்டார். வாசலில் செருப்பை மாட்டும்போது, "மூணரைக்கு வந்துருவேன்" என்றார். குணசீலன் சன்னலருகே நின்று, மெட்ரோ நிலையம் நோக்கிப் பனிக்குள் போகும் அந்தக் கம்பளிச் சட்டை மறையும்வரை பார்த்தார். பிறகு திரும்பி, மகளின் அறைக் கதவைத் தட்டினார்.

"கெசியா, எந்திரி. இட்லி இருக்கு. கணக்கப் பத்திப் பேச மாட்டேன்."